உயிரோடு இருந்தவளுக்கு வைத்த பொட்டு

நெருங்கி உட்காரு கண்ணு. இன்னும் கொஞ்சம். நடுவில் இடம் விட்டால் வளைவில் இது சரிந்துவிடும். கண்ணாடி போட்ட படம். இந்தப் பக்கம் என் தோள் முட்டுக் கொடுக்கும், அந்தப் பக்கம் உன் தோள். மேட்டுப்பாளையம் வரைக்கும்தான். அங்கே இறங்கி நான் புளியம்பட்டி பஸ் ஏறிக்கொள்வேன். கண்டக்டர் மேலே கம்பித் தட்டில் வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அப்போ லக்கேஜ் டிக்கெட் போடணும் என்றார். போடுங்க தம்பி, உள்ளே நாலு பேர் இருக்காங்க, நாலு டிக்கெட்டாவே போடுங்க என்றேன். சிரித்துக்கொண்டு பின்னாடி போய்விட்டார்.

போர்வைக்குள்ளே இருப்பது எங்கள் குடும்பப் படம். அப்பா, அம்மா, அக்கா, நான். இவ்வளவு நாளும் அக்காவிடம் இருந்தது. அக்காவுக்குக் காரியம் முடிந்து திரும்புகிறேன். அவள் மகன் குணசீலன், "சித்தி, இது உங்களுக்குத்தான்" என்று கையில் கொடுத்துவிட்டான். குங்குமச் சிமிழையும் கூடவே கொடுத்தான். "அம்மா முகத்துக்கு நீங்களே பொட்டு வச்சிருங்க சித்தி" என்றான். சிமிழ் இடுப்பில் இருக்கிறது. இன்னும் வைக்கவில்லை. வைக்கலாம், என்ன அவசரம்.

துக்க வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், இவள் ஏன் அழவில்லை என்று. வரவில்லை. பல் பிடுங்குகிறபோது ஊசி போட்டால் உதடு நம்முடையதாக இருக்காதே, தொட்டால் யார் உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. கிள்ளினால் தெரிகிறது. வலிக்கவில்லை.

எங்கள் அக்கா மருதாயி கெட்டிக்காரி. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். நாங்கள் சிலோன்காரர்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு சர்க்காரும் பேசி முடித்து, இத்தனை பேர் இந்தியாவுக்குப் போங்கள் என்று சொன்னதில் எங்கள் வீடும் வந்தது. கப்பலில் நகைக்குச் சோதனை போடுகிறார்கள் என்று பேச்சு. அம்மாவிடம் இருந்தது ஒரு ஜோடித் தோடு. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அந்தத் தோட்டைச் சோற்றுருண்டைக்குள் வைத்து என் கையில் கொடுத்து, "திங்காதே. கையில வச்சிக்கிட்டு அழு" என்றாள். அழுதேன். அழுகிற பிள்ளை கையில் இருக்கிற சோற்றை எந்த ஆபீசர் பிடுங்குவான்? தோடு கரை சேர்ந்தது. அப்போது அக்காவுக்குப் பதிமூன்று பதினாலு வயசு இருக்கும். கோத்தகிரிக்கு வந்து காலனியில் வீடு கொடுத்தபோதும் அப்படித்தான். ஆபீசில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அக்காதான் பேசுவாள்.

அதையெல்லாம் நான் ஒத்துக்கொள்கிறேன். கெட்டிக்காரிகளுக்கு மனசு என்று ஒன்று இருக்குமா, அதுதான் எனக்குச் சந்தேகம்.

என் பேர் தனபாக்கியம். நல்ல பேர்தானே? அப்பா பாக்கியம் என்பார். அம்மா முழுப்பேரையும் நீட்டிக் கூப்பிடுவாள். நான் பக்கத்திலேயே நிற்பேன், அவள் எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாள். அக்கா மட்டும் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட என் பேரைச் சொன்னதில்லை. குட்டி. எப்போதும் குட்டி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பேர் என்ன என்று கேட்டார்கள். அக்கா, "நாங்க குட்டின்னுதான் கூப்பிடுவோம்" என்றாள். என் மாமியார் அப்போதே, "ஆட்டுக்குட்டியா, கன்னுக்குட்டியா?" என்று கேட்டு, கல்யாணமாகிப் பல வருஷத்துக்கு அதையே சொல்லிச் சிரித்தாள். நான் பேரன் எடுத்த பிறகும் போன் பண்ணினால், "குட்டி இருக்காளா?"

ஒரு தடவை கேட்டேவிட்டேன். "எனக்குன்னு ஒரு பேர் இருக்கு. அதைச் சொல்ல உனக்கு நாக்கு வலிக்குதா?"

"ஆமா, வலிக்குது" என்றாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எவ்வளவு திமிர் பார்.

இன்னொன்று சொல்கிறேன். தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கன்னிக்குக் கும்பிடுவார்கள். உங்கள் வீட்டிலும் உண்டா? சின்ன வயசில் செத்துப்போன பெண் பிள்ளைக்குப் பாவாடை சட்டை, வளையல், பால் எல்லாம் வைத்துக் கும்பிடுவது. அம்மா விளக்கேற்றுவாள், அக்கா புதுப் பாவாடையை மடித்து வைப்பாள். பச்சைப் பாவாடை, சிவப்புப் பாவாடை, ஒரு வருஷம் கரையில் மயில் போட்ட ஊதாப் பாவாடை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். யாருக்கு என்று கேட்டால் சாமிக்கு என்பார்கள். கும்பிட்டு முடிந்ததும் அந்தப் பாவாடையைத் தெருவில் ஏதாவது ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வீட்டு அமுதாவுக்குக் கொடுப்பார்கள், எதிர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். எனக்கு மட்டும் கிடையாது. அந்த மயில் பாவாடைக்கு நான் தரையில் புரண்டு அழுதேன். அம்மாவுக்கே மனசு இளகி, "போட்டா போட்டுட்டுப் போறா, குடுத்திரு" என்றாள். அக்கா கேட்கவில்லை. "இதை மட்டும் இவ போடக்கூடாது" என்று பிடுங்கிக்கொண்டு போய் அமுதாவுக்குப் போட்டுவிட்டு வந்தாள். அமுதா அதைப் போட்டுக்கொண்டு என் முன்னாடியே கிளித்தட்டு விளையாடினாள்.

அதெல்லாம் சின்னப்பிள்ளை விஷயம் என்று நினைப்பாய். எனக்கு அந்த மயில் இன்னும் கண்ணில் இருக்கிறது.

பிடித்துக்கொள், வளைவு வருகிறது. ஆங். இந்த ரோட்டில் எனக்கு எப்போதும் தலை சுற்றும். இன்றைக்குச் சுற்றவில்லை.

படத்தைப் பற்றிச் சொல்லணும். இது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். அப்போது வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட், வீட்டுக்கு ஒரு படம். எல்லோரும் சேர்ந்து நிற்கணும். அங்கேயே டவுனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பிறகு கோத்தகிரியில் பெரிசு பண்ணிச் சட்டம் போட்டார்கள். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா பக்கத்தில் அக்கா. அந்தக் கடைசியில் நான். எனக்கு ஒரு கவுன் போட்டிருக்கிறார்கள் பார், கணுக்கால் வரைக்கும் தொங்குகிறது, தோள் நழுவி நிற்கிறது. அக்கா தனக்கு அளவாகத் தைத்துப் போட்டுக்கொண்டு எனக்கு யாருடையதையோ மாட்டியிருக்கிறாள் என்று பார்க்கிறபோதெல்லாம் நினைப்பேன். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருக்கிறது. ஒட்டி நின்றால் என்ன, நான் என்ன கடித்துவிடுவேனா? அந்த இடத்துக்கு மேலே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள், கயிற்றில் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி. அந்தப் பிடி மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. படம் எடுத்தது நினைவில்லை, ஸ்டுடியோ நினைவில்லை, கை வலித்தது நினைவிருக்கிறது.

போன ஆடியில் அக்காவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வலது கை, வலது கால், வாய். குணசீலன் போன் பண்ணினான். போனேன். சன்னலோரமாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தாள். ஏதோ சத்தம் வந்தது, வார்த்தையாக வரவில்லை. "தண்ணி கேக்கறாங்க" என்றாள் மருமகள் ஜெயக்கொடி. தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. அக்கா இடது கையைத் தூக்கி அலமாரிப் பக்கம் காட்டிக்கொண்டே இருந்தாள். என்ன காட்டுகிறாள் என்று திரும்பினேன். அலமாரித் தட்டில் இந்தப் படம் இருந்தது.

நான் அதைப் பார்க்காமலா இருந்திருக்கிறேன்? எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தபோது அப்பா நெற்றியில் பொட்டு இருந்தது. அம்மா நெற்றியில் பொட்டு இருந்தது. போனவர்கள், வைப்பார்கள். என் நெற்றியிலும் பொட்டு இருந்தது.

படத்துக் கண்ணாடியில் யாருக்குப் பொட்டு வைப்பார்கள், உனக்குத் தெரியும். நான் இங்கே காலும் கையுமாக நிற்கிறேன். குங்குமம் காய்ந்து வெடித்திருந்தது. புதுசாக வைத்ததல்ல.

"யாரு வச்சது இது?" என்று கேட்டேன்.

ஜெயக்கொடி வெள்ளந்தி. "அத்தைதான். வெள்ளிக்கிழமை ஆனா வைப்பாங்க" என்றாள்.

"எனக்குமா?"

"ஆமாங்க சித்தி. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து பாக்கறேன். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா மட்டும் உங்களுதைத் தொடச்சிருவாங்க. இந்தத் தடவை அவங்களுக்குக் கை வரலை. எனக்கும் தோணலை" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு என்னவெல்லாம் தோன்றியிருக்கும், நீயே சொல். என் முதல் பிள்ளை தங்கவில்லை. என் வீட்டுக்காரர் லோடு ஏற்றுகிறபோது லாரியிலிருந்து விழுந்து போனார். எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தப் பொட்டில் ஒட்டினேன். வெள்ளிக்கு வெள்ளி எனக்குச் சாவுப் பொட்டு வைத்திருக்கிறாள், கூடப் பிறந்தவள். அப்படி நான் என்ன செய்தேன்? அன்றைக்குச் சாயந்திரம் படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குணசீலன், "எங்க சித்தி?" என்றான். "கேக்க வேண்டியவங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

கட்டபெட்டில் சூசையண்ணன் இருக்கிறார். எங்கள் தோட்டத்துக்காரர், எங்களோடு ஒரே கப்பலில் வந்தவர். அங்கே ஆபீசுக்கும் டவுனுக்கும் தபால் கொண்டு போய்க்கொண்டிருந்தவர். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று தோட்டத்திலேயே அவருக்குத்தான் தெரியும். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். முட்டி போய்விட்டது, வாய் போகவில்லை. கேரட் கழுவி மூட்டை போடுகிற கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழுவுகிற பெண்களைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது?"

"தனபாக்கியம், அண்ணே. பழனியாண்டி மக. மருதாயி தங்கச்சி."

"எந்தத் தனபாக்கியம்?"

"உங்களுக்கு எத்தனை தனபாக்கியத்தைத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த போர்வையைப் பார்த்தார். "அதை அவுரு" என்றார். அவிழ்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பொட்டைத் தொடாமல் விரலை அது கிட்டே கொண்டுபோய் நிறுத்தினார்.

"ரெண்டு தனபாக்கியத்தைத் தெரியும்" என்றார்.

டீ வாங்கிவரச் சொன்னார். குடித்தார். "மருதாயி என்கிட்ட சத்தியம் வாங்கிருக்கு" என்றார். "ஆனா நீ பொட்டோட கொண்டாந்து வச்சிட்டியே. இனிமே நான் மூடி என்ன ஆகப்போவுது."

எங்கள் அப்பா பழனியாண்டிக்கும் அம்மா வீராயிக்கும் ரெண்டு பொண்ணாம். மூத்தது மருதாயி, இளையது தனபாக்கியம். இந்தியாவுக்குப் போக மனு கொடுத்தபோது நாலு பேர் என்று எழுதிக் கொடுத்தார்கள். மனு கிடந்தது, வருஷக்கணக்கில் கிடந்தது. நடுவில் ஒரு மழைக்காலத்தில் லயத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. லயம் என்றால் வரிசை வீடு கண்ணு, தோட்டத்துக்காரர்கள் இருக்கிறது. ஒரே பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடிப்பார்கள், வந்தால் எல்லோருக்கும் வரும். அந்தத் தனபாக்கியம் அதில் போய்விட்டாள். ஆறு வயசு. லயத்துக்குப் பின்னாடி ஒரு சவுக்கு மரத்தடியில் வைத்தார்களாம். அதே மழையில் கடைசி வீட்டுக் காளியம்மாளும் போய்விட்டாள். அவள் புருஷன் அதுக்கு முன்னாடியே ரோட்டு வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. காளியம்மாளுக்கு ஒரு பிள்ளை.

"அது நீ" என்றார் சூசையண்ணன்.

கேரட் கழுவுகிற பெண்கள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கையில் இருந்த டீயை ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பக்கத்தில் குடித்தவள் தித்திப்பு அதிகம் என்றாள்.

"யாரு வீட்டுல உலை வச்சாலும் அந்த வீட்டு வாசல்ல நீ உக்காந்திருப்பே. எல்லா வீட்டுலயும் ஒரு வாய் போடுவாங்க. எல்லாரும் கிளம்புற ஆளுங்க, யாரு யாரை வச்சிக்க முடியும்?"

"என் பேர் என்ன அண்ணே?"

யோசித்தார். "காளியம்மா எதாச்சும் வச்சிருக்கும். நாங்க கேட்டுக்கலை. பீலியடியில உன்னை அது குட்டீ, குட்டீன்னு கூப்பிடும். அதுதான் தெரியும்" என்றார்.

ம். அவர் தொடர்ந்து பேசினார்.

படம் எடுக்க உத்தரவு வந்தது. டவுனுக்குத் தோட்டத்து லாரியில் கூட்டிக்கொண்டு போனது சூசையண்ணன்தான். அப்பா, ஒரு பிள்ளை தவறிவிட்டது என்று ஆபீசில் சொல்லப் போகிற எண்ணத்தில் இருந்தார். லாரி கிளம்புகிற நேரம் மருதாயி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். செத்தவளுடைய கவுனை எனக்கு மாட்டியிருந்தாள். பொங்கலுக்குத் தைத்தது, செத்தவள் ஒரு தடவைதான் போட்டது.

"உங்கம்மா அந்தக் கவுனைப் பாத்துச்சு. ரோட்டுலயே உக்காந்திருச்சு. அப்புறம் எந்திரிச்சு வந்து மருதாயியை ஒரு அறை விட்டுச்சு, லாரிக்குள்ள இருந்த எங்களுக்குச் சத்தம் கேட்டுது. மருதாயி அசையலை. உங்கம்மாவைப் பாக்கவே இல்லை, உங்கப்பனைப் பாத்துச் சொல்லுது, பேப்பர்ல நாலு தலை இருக்கு, மூணு தலையாப் போனா பேப்பரைத் திருப்பி அனுப்புவாங்க, மறுபடி எத்தனை வருசமோன்னு. உங்கப்பன் தாடியைச் சொறிஞ்சிக்கிட்டே நின்னான். அப்புறம் உன்னைத் தூக்கி லாரியில போட்டான்."

ஸ்டுடியோவிலும் சண்டையாம். படம் எடுக்கிறவன் நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க என்கிறான். மருதாயி நகரவில்லை. அவன் வந்து என்னைத் தள்ளி அவளோடு ஒட்டி வைத்துவிட்டுப் போகிறான். அவள் மறுபடி என்னைத் தள்ளி நிறுத்துகிறாள். கடைசியில் அவன், மூஞ்சி தெரிஞ்சாப் போதும் போ என்று எடுத்துவிட்டான்.

"ஆக, தலைக் கணக்குக்கு" என்றேன்.

"அப்படித்தான் சொல்லுச்சு" என்றார்.

அப்புறம் கேள். கப்பல் இறங்கி மண்டபம் முகாமில் இருந்தோம். அங்கே அப்பா, கணக்கு முடிஞ்சுதே, இதை ஏதாவது அனாதை விடுதியில் விட்டுவிடலாமே என்றாராம். தப்பு சொல்ல முடியாது, அவர்களுக்கே சோறு இல்லை. மருதாயி என்ன சொன்னாள் தெரியுமா? "ரேஷன் நாலு தலைக்குத் தர்றாங்க. ஒரு தலை குறைஞ்சா அரிசி குறையும்." சரி என்று விட்டார். கோத்தகிரிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தபோது மறுபடி பேச்சு வந்தது. "வீடு நாலு தலைக்குத்தான் எழுதிருக்கு. போய் இறங்கினதும் எண்ணிப் பாப்பாங்க" என்றாளாம். யாரும் எண்ணவில்லை. சூசையண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்கப்பன் ஒவ்வொரு எடத்துலயும் உன்னை இறக்கி வைக்கப் பாப்பான், இது ஒவ்வொரு எடத்துலயும் ஒரு கணக்கு எடுத்துப் போடும். அப்புறம் உங்கப்பனே உன்னைத் தோளை விட்டு இறக்கலை, அது வேற" என்றார்.

கேட்டாயா கண்ணு? அரிசிக்கு ஒரு தலை. வீட்டுக்கு ஒரு தலை. எங்கள் அக்கா போட்ட கணக்கு.

அப்பா என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டினவர். அம்மா கடைசியில் என் மடியில்தான் போனாள், தனபாக்கியம் தனபாக்கியம் என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். நான் இங்கேதான் இருக்கேம்மா, இங்கேதான் இருக்கேம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதைச் சூசையண்ணனிடம் சொல்லவில்லை. "இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லலை?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்போ வந்த அத்தனை வீட்டுப் பேப்பர்லயும் ஒரு ஓட்டை இருக்கும் தங்கச்சி. ஒருத்தர் ஓட்டையில ஒருத்தர் கை வைக்க மாட்டோம்" என்றார். கிளம்புகிறபோது, "இன்னும் என்ன கேக்கணுமோ அதை மருதாயிகிட்ட கேளு" என்றார்.

"அவளுக்குத்தான் வாய் போயிருச்சே."

"கேக்க உனக்கு வாய் இருக்கில்ல?"

மறுநாள் போனேன். குணசீலன் வேலைக்குப் போயிருந்தான். ஜெயக்கொடி என் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்தாள். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சி ஊட்டிய தடம் தாடையில் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டேன். படத்தைப் பிரித்துக் கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தேன். வழியெல்லாம் பேச்சு சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். பஸ்ஸில் உதட்டை அசைத்துப் பேசிப் பார்த்ததில் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே போய் நின்றதும் ஒன்றுதான் வந்தது.

"சூசையண்ணன் எல்லாம் சொல்லிருச்சு. தலைக் கணக்குக்குத்தானா அக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பக்கம்தான் அசைகிறது, ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன புரியும்? கோபமா, வேறு என்னவா, எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

இடது கையால் படத்தை இழுத்தாள். வரவில்லை. நான் தூக்கி அவள் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். முந்தானை நுனியை வாயில் வைத்து நனைத்தாள். என் நெற்றியில் இருந்த பொட்டைத் தேய்த்தாள். காய்ந்த குங்குமம், லேசில் போகவில்லை. மறுபடி நனைத்து மறுபடி தேய்த்தாள். "நான் தொடைக்கறேன் அத்தை" என்று ஜெயக்கொடி வந்தாள். அக்கா தோளால் அவளைத் தள்ளினாள். கடைசியில் என் முகம் தெரிந்தது. அத்தனை நாள் பொட்டு இருந்த இடத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

சரி, இன்றைக்கும் நான் வந்திருக்கிறேன் என்று துடைக்கிறாள், நான் போன பிறகு வைத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

விரலால் சிமிழைக் காட்டினாள். ஜெயக்கொடி எடுத்துத் திறந்து கொடுத்தாள். அக்கா இடது கைப் பெருவிரலை உள்ளே விட்டாள். கை நடுங்கி, குங்குமம் போர்வையெல்லாம் கொட்டியது. அதற்கப்புறமும் அவள் கொஞ்ச நாள் இருந்தாள். வாயில் கொடுத்ததை விழுங்கினாள், திருப்பிப் போட்டால் திரும்பினாள். தானாக ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான் கடைசி.

விரல் படத்துக்கு மேலே வந்தது. அப்பாவைத் தாண்டியது. அம்மாவைத் தாண்டியது. படத்தில் அவள் முகத்துக்கு நேராக வந்து ஒரு நிமிஷம் நின்றது. கெட்டிக்காரியாச்சே, தன் பொட்டையும் தானே வைத்து முடித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். ஜெயக்கொடிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கணும், "வேணாங்கத்தை" என்றாள். அக்கா அங்கே வைக்கவில்லை. விரலை இன்னும் நகர்த்தினாள். படத்தில் தான் நீட்டியிருந்த கைக்குக் கொஞ்சம் மேலே, அவளுக்கும் எனக்கும் நடுவே ஆளில்லாமல் கிடந்த அந்த இடத்தில், என் தலையைவிட ஒரு விரல் உயரத்தில் பொட்டை வைத்து, பதியட்டும் என்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.